மல்லவண்டியின் விலை

1977ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 14ஆம் நாள் எழுதப்பெற்ற கடிதமொன்று, அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்தில் வாழ்ந்த ஒரு காப்புறுதி அலுவலருக்கு வந்து சேர்ந்தது. எழுதியவர் ஸ்டீவ் மக்குயீன். ஹொலிவூட் நடிகருள் அக்காலத்தே பெரும்புகழ் படைத்தவர். அவர் கேட்டது ஒரு பழைய மோட்டார் வண்டி. தாம் திரைப்படமொன்றில் ஓட்டிய 1968ஆம் ஆண்டு மஸ்டாங் வண்டி இப்பொழுது உம்மிடம் உள்ளது. அதனை எனக்குத் திருப்பித் தருதல் கூடுமா. அதனை யாதொரு மாற்றமுஞ் செய்யாது பேணவே விரும்புகின்றேன். வேண்டுமாயின் அதுபோன்ற வேறொரு மஸ்டாங்கை உமக்குத் தேடித்தர முயல்வேன். பெருந்தொகை கேட்பீராயின் இப்பேச்சை இத்துடன் விட்டுவிடுவோம். இதுவே அக்கடிதத்தின் சாரம்.

அலுவலர் வண்டியைக் கொடுக்கவில்லை. கடிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2020ஆம் ஆண்டு தை மாதம் 10ஆம் நாள், புளோரிடா மாநிலத்துக் கிசிமி நகரில் மீக்கம் என்னும் ஏல நிலையத்தார் நடாத்திய ஏலத்தில் அதே வண்டி மேடையேறிற்று. கூறுவிலை 34 இலட்சம் டொலரில் நின்றது. வாங்குவோர் ஏல நிலையத்துக்குச் செலுத்தும் பத்து வீதத்தையுங் கூட்ட, மொத்தம் 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலர் ஆயிற்று. அன்றுவரை மஸ்டாங் வண்டி எதுவும் ஏலத்தில் அத்துணைப் பெருவிலை பெற்றதில்லை. விற்றவர், கடிதத்தைப் பெற்றவரின் மகன்.

தந்தை கேட்டவருக்குக் கொடுக்க மறுத்ததை மகன் யாரோ ஒருவருக்கு விற்றான் என்று இதனை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். அவ்வாறு முடிப்பது நியாயமாகாது என்பது என் கருத்து. அதனை விளக்குமுன், இவ்வண்டிகள் எத்தகையன என்பதைச் சிறிது கூறல் வேண்டும்.

தலைப்பிலுள்ள ‘மல்லவண்டி’ என்பது யானே துணிந்து இட்ட பெயர். ஆங்கிலத்தில் இவ்வகையினை ‘மசில் கார்’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் ‘தசை வண்டி’ என்போமாயின், கேட்போர் இறைச்சிக்கடை வண்டியோவென மயங்கவுங் கூடும். நடுத்தர உடம்பினுள் அளவிற்கு மீறிய வலுவினைப் புகுத்தி, நேரான தெருவிலே பிறரை முந்துவதற்கென்றே சமைக்கப்பட்டமையின் மல்லன் என்னும் சொல் ஓரளவு பொருந்தும். இதனினுஞ் சிறந்த சொல் கிடைப்பின் வாசகர் அதனையே வழங்குக.

இவ்வகையின் தொடக்கத்தைப் பலரும் 1964ஆம் ஆண்டுப் பொன்டியாக் ஜீ.ரீ.ஓ. வண்டியிற் காண்பர். அது பிறந்த கதை சுவையானது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பெனி தன் பிரிவுகளுக்கெல்லாம் விதி செய்திருந்தது. பொன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியியலாளராயிருந்த ஜோன் டிலோரியனும் அவருடைய துணைவரும் அவ்விதியைப் பலமுறை படித்திருத்தல் வேண்டும். புதிய வண்டி ஒன்றுக்குத்தானே தடை? உள்ள வண்டிக்கு விருப்பமானோர் மேலதிகப் பணங் கொடுத்துப் பெறும் தனிப்பொருத்தாக 389 கன அங்குல எஞ்சினைக் கொடுத்தால் விதி மீறப்படுமா? இவ்வாறு விதிக்கும் விலக்குக்கும் இடையே நுழைந்து பிறந்த அவ்வண்டி முதலாண்டிலேயே 32,450 விற்பனையாயிற்று. சூத்திரத்துக்குப் புறனடை காண்பதில் உரையாசிரியர்கள் மட்டுமே வல்லவரென்று யான் இதுகாறும் எண்ணியிருந்தேன்.

அதே ஆண்டு சித்திரை 17ஆம் நாள் நியூ யோர்க் உலகக் கண்காட்சியிலே போர்ட் கம்பெனி தன் மஸ்டாங்கை வெளியிட்டது. மஸ்டாங் என்பது அமெரிக்கப் புல்வெளிகளிலே அடங்காது திரியும் குதிரைக்குப் பெயர். இவ்வண்டி சிறிதாகலின் அதனை மல்ல வகையிற் சேர்க்காது, மட்டக்குதிரை வகையென வேறு பிரிப்பாரும் உளர். அவ்வாராய்ச்சியிலே அவர்கள் இலக்கண நூலாருக்குச் சற்றும் இளைத்தவரல்லர். எவ்வாறாயினும் 1968ஆம் ஆண்டிலே 390 கன அங்குல எஞ்சின் பூட்டப்பெற்ற மஸ்டாங்கினை மட்டக்குதிரையென்று ஒதுக்க மனம் வரவில்லை. 325 பரிவலு உடையதெனத் தொழிற்சாலை கூறிற்று. அக்காலத்துப் பரிவலுக் கணக்கு எஞ்சினை வண்டியினின்று கழற்றித் தனியே வைத்து அளந்த கணக்கு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1972ஆம் ஆண்டு முதல் வண்டியிற் பொருத்திய நிலையிலேயே அளக்கத் தொடங்கினர். எண்கள் ஒரே நாளில் மெலிந்தன.

அவ்வாண்டுப் ‘புல்லிற்’ என்னும் திரைப்படத்துக்கென இத்தகைய மஸ்டாங் இரண்டு எடுக்கப்பட்டன. இரண்டும் கரும்பச்சை நிறத்தன. ஒன்று பாய்ந்து விழுங் காட்சிகளுக்கு. மற்றொன்று நடிகர் அமர்ந்து செல்லுங் காட்சிகளுக்கு. சான் பிரான்சிஸ்கோ நகரின் செங்குத்தான தெருக்களிலே பச்சை மஸ்டாங் கரிய டொட்ஜ் வண்டியொன்றைத் துரத்திச் செல்லும் காட்சி பத்து நிமிடத்துக்கு மேல் நீளும். அதனுட் பேச்சென்பது இல்லை. படத்தொகுப்புக்காகப் பிராங் கெல்லர் ஒஸ்கார் விருது பெற்றார். மக்குயீன் தாமே ஒரு பகுதி ஓட்டினார். மிக்க அபாயமான இடங்களில் வேறு தேர்ந்த சாரதிகள் ஓட்டினர். முன்புறத்திலிருந்த குதிரைச் சின்னம் அகற்றப்பட்டது. படக்கருவிகளைத் தாங்குவதற்கு அடிப்புறத்தில் இரும்புக் குழாய்கள் பற்றவைக்கப்பட்டன. பின்புறப் பெட்டியிலே துளைகள் இடப்பட்டன. இத்துளைகளைப் பின்னர் மறுபடியுங் காண்போம்.

படம் முடிந்தபின் வண்டி, படக் கம்பெனியின் ஊழியரொருவர் கைக்குச் சென்றது. அவரிடமிருந்து நியூ யேர்சி மாநிலத்துப் பொலிஸ் அலுவலரொருவருக்கு. அவர் 1974ஆம் ஆண்டில் மோட்டார்ச் சஞ்சிகையொன்றில் விளம்பரஞ் செய்தார். விளம்பரத்தைக் கண்டு சில ஆயிரம் டொலருக்கு வாங்கியவரே நாம் முதலிற் கூறிய காப்புறுதி அலுவலர்.

அவ்வாண்டில் இத்தகைய வண்டி மலிவாயிருந்தது வியப்பன்று. 1973ஆம் ஆண்டு ஐப்பசியில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பெற்றோல் நிலையங்களிலே வண்டிகள் நிரை நிரையாகக் காத்து நின்றன. எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும் மல்லனை வீட்டில் வைத்துச் சோறிட எவருக்கு மனம் வரும்? 1970ஆம் ஆண்டின் தூய வளிச் சட்டம் எஞ்சின்களின் அமுக்கத்தைக் குறைக்கச் செய்தது. இவற்றிற்கெல்லாம் முன்னமே காப்புறுதிக் கம்பெனிகள் இவ்வண்டிகளுக்கென்று தனிக்கட்டணம் ஏற்றி, இளைஞர் வாங்கவொண்ணாதபடி செய்துவிட்டன. மல்லவண்டிகளின் காலத்தை முடித்துவைத்தவர்களுள் காப்புறுதித் துறையினருக்கு முதலிடங் கொடுக்கலாம். அத்துறையிலிருந்தே ஒருவர் வந்து, அவற்றுட் புகழ்மிக்க ஒன்றினைக் காத்தார் என்பது ஒரு வேடிக்கை.

‘காத்தார்’ என்றேன். கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காத்தாரல்லர். அவருடைய மனைவி பாடசாலை ஆசிரியை. அவ்வம்மையார் நாடோறும் இவ்வண்டியை ஓட்டிக்கொண்டே பாடசாலைக்குச் சென்றார். ஆசிரியத் தொழிலிற் காலங் கழித்தவனாகிய எனக்கு, இவ்வரலாறு முழுவதிலும் நெஞ்சைவிட்டகலாத செய்தி இதுவே. திருத்தவேண்டிய பயிற்சிக் கொப்பிகளின் கட்டு, ஒரு குடை, பகலுணவுப் பொதி. இவை, உலகெங்கும் திரையரங்குகளிலே மக்கள் இருக்கை விளிம்புக்கு வந்து பார்த்த அந்த ஆசனத்தின் அருகே கிடந்திருக்கும். காலையில் முதன்மணி அடிக்குமுன் 325 பரிவலு பாடசாலை முற்றத்தில் வந்து நின்றிருக்கும்.

1980ஆம் ஆண்டில் கிளச் பழுதுற்றது. ஏறத்தாழ 65,000 மைல் ஓடிய நிலையில் வண்டி கொட்டகையில் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு கார்த்திகை 7ஆம் நாள் மக்குயீனும் காலமானார். குடும்பம் ஊர்விட்டு ஊர் மாறிற்று. வண்டியும் உடன் சென்றது. ஈற்றில் டெனசி மாநிலத்து நாஷ்வில் நகருக்கு அண்மையில் அமைந்தது. அயலவர்க்கும் நண்பர்க்கும் குடும்பத்தார் அதனைப்பற்றி வாய்திறக்கவில்லை. வெளியே அந்த வண்டி எங்கேயென்று ஆர்வலர் தேடிக்கொண்டிருந்தனர். உண்டென்றும் இல்லையென்றும் கதைகள் எழுந்தன. ஈராயிரமாம் ஆண்டை அடுத்துத் தந்தையும் மகனும் அதனைச் சீர்செய்யத் தொடங்கினர். தந்தையாரை நோய் பற்றியமையால் வேலை நின்றது. அவர் 2014ஆம் ஆண்டில் மறைந்தார். பின்னர் மகன் ஓடத்தக்க அளவிற்கு மட்டும் அதனைச் சீர்செய்தார். 2018ஆம் ஆண்டு தை மாதத்தில் டெற்றோய்ட் மோட்டார்க் கண்காட்சியிலே, போர்ட் கம்பெனி புதிய ‘புல்லிற்’ மஸ்டாங்கினை அறிமுகஞ் செய்த மேடையில், பழையதும் வெளிவந்தது.

‘ஓடத்தக்க அளவிற்கு மட்டும்’ என்று மேலே சொன்னேனன்றோ? விலையின் இரகசியம் அத்தொடரிலேதான் இருக்கிறது.

பழைய வண்டியை விற்க நினைப்பவன் முதலிற் செய்ய விரும்புவது அதனை அழகுபடுத்துவது. கறள் பிடித்த தகட்டை வெட்டி எறிந்து புதுத்தகடு வைப்பான். மங்கிய தீந்தையைச் சுரண்டிப் புதுத்தீந்தை பூசுவான். கிழிந்த ஆசனத்துறையை மாற்றுவான். ஐயாயிரம் டொலர் செலவிட்டால் பதினாயிரம் டொலர் கூடுமென்பது அவன் கணக்கு. நன்கு பேணப்பட்டு, முன்னைய தீந்தையும் முன்னைய துணியும் இன்னும் எஞ்சியுள்ள வண்டியின் திறத்தில் இக்கணக்குப் பெரும்பாலும் தலைகீழாகும். எத்துணை முறையும் ஒரு வண்டியைப் புதுப்பிக்கலாம். தொழிற்சாலை விட்ட நிலையில் அஃது ஒரு முறைதான் இருக்கும். சுரண்டிய தீந்தையை எவராலும் மீளப் பூச இயலாது.

ஏட்டுச்சுவடியோடு பழகியோர் இதனை எளிதில் உணர்வர். செல்லரித்த இடத்திலே, தாமே ஒரு சீரினைக் கட்டி நிரப்பி ஓசை குன்றாது பதிப்பித்தவரும் உளர். ‘இவ்விடஞ் சிதைந்தது’ எனப் புள்ளியிட்டுச் சென்றவரும் உளர். படிப்பதற்கு இனிது முன்னையது. பின்வருவோர் நம்பி எடுத்தாளுவது எதனையென்று கூறவேண்டுவதில்லை.

இவ்வுண்மையை அமெரிக்க மோட்டார் ஆர்வலர் சற்றுப் பிந்தியே கண்டனர். நெடுங்காலமாகப் போட்டிகளிற் பரிசு பெற்றவை பளபளக்கும் புதுப்பிப்புக்களே. அப்புதுப்பிப்புக்கள் தொழிற்சாலை செய்ததினும் நேர்த்தியாயிருந்தன! தொழிற்சாலையிலே தீந்தை தோடம்பழத்தோல்போலப் பருக்கென்றிருக்கும். சில இடங்களில் வழிந்து காய்ந்திருக்கும். மேற்பார்வையாளர் வண்ணக்கட்டியாற் கிறுக்கிய அடையாளங்கள் அடிப்புறத்திற் கிடக்கும். உண்மையறிந்த நடுவர்கள் இக்குறைகளைத் தேடத் தொடங்கவே, புதுப்பிப்போர் அக்கிறுக்கல்களையும் தாமே போலியாக வரையத் தலைப்பட்டனர். ஏடெழுதுவோனுடைய பிழைகளையும் பார்த்துப் பார்த்துப் பெயர்த்தெழுதும் தொழில் இது. இதற்குக் கூலி வேறு.

நம் பச்சை மஸ்டாங்கிலே போலிக்கு இடமிருக்கவில்லை. தீந்தை மங்கியிருந்தது, அங்கங்கே கறள் ஏறியிருந்தது, படக்கருவிக்கெனப் பற்றவைத்த குழாய்கள் அடியிலே இருந்தன, பின்பெட்டித் துளைகள் இருந்தன. அத்துளைகளை ஒருவர் அன்பு மிகுதியாற் பற்றவைத்து அடைத்திருப்பாராயின், 1968ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அது நின்றதற்கு உடம்பிலிருந்த சான்று அழிந்திருக்கும். எஞ்சுவது சாதாரண மஸ்டாங். அவ்வாண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மஸ்டாங்குகள் செய்யப்பட்டன.

உடன்பிறந்த மற்றைய வண்டியின் கதை இதற்கு நேர்மாறு. பாய்ந்து பாய்ந்து நொறுங்கிய அவ்வண்டி பழைய இரும்பாகப் போயிற்றென்றே நம்பினர். 2017ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் பாகா கலிபோர்ணியாவில், பழைய வண்டிகள் குவிந்துகிடந்த ஓரிடத்தினின்று வெறுங்கூடாக அது வெளிப்பட்டது. எடுத்தவர்கள் அதனை வேறொரு திரைப்படத்தில் வந்த மஸ்டாங்கின் போலியாக மாற்றுதற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தனர். நல்லவேளை, யாரோ இலக்கத்தைப் படித்தனர். ஒரு படத்தின் மெய்வண்டி மற்றொரு படத்தின் போலிவண்டியாகப் போகவிருந்த விந்தையை என்னென்பது!

இலக்கத்தைப் படித்தல் என்பது சிறு காரியமன்று. இவ்வண்டிகளை விற்பதிலும் வாங்குவதிலும் கல்வியென்று ஒன்றுண்டானால் அஃது இதுவே. நம் வண்டியின் இலக்கம் 8ஆர்02எஸ்125559. பகுபதத்தைப் பிரிப்பதுபோல இதனைப் பிரிக்கலாம். முதலில் நிற்கும் 8, ஆண்டு 1968. ‘ஆர்’ என்பது கலிபோர்ணியாவின் சான் ஹொசே தொழிற்சாலை. 02 என்பது பின்புறம் சரிந்திறங்கும் கூரையுடைய உடல். ‘எஸ்’ என்பது 390 கன அங்குல எஞ்சின். ஈற்றிலுள்ள ஆறிலக்கம் வரிசையெண். உடன்பிறந்த மெக்சிக்கோ வண்டியின் ஈற்றெண் 125558. இரண்டும் அடுத்தடுத்த எண் பெற்றவை. திரைப்படத்துக்கென ஒருங்கே கேட்டுப் பெறப்பட்டமைக்கு இதனினுஞ் சுருக்கமான சான்று வேண்டுமா?

எல்லா வண்டியும் இத்துணை வெளிப்படையாகப் பேசா. செவ்ரொலெற் கம்பெனியின் செவெல் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1966 முதல் 1968 வரை வலுமிக்க எஸ்.எஸ். 396 வகைக்கு இலக்கம் 138 என்று தொடங்கும். பார்த்த அளவில் அறியலாம். 1969இல் எஸ்.எஸ். என்பது தனிவகையாக இல்லாது, விரும்பினோர் சேர்த்துப் பெறும் பொருத்தாயிற்று. அதன்பின் இலக்கம் வாய்மூடிவிட்டது. இங்கேதான் களவுக்கு வழி பிறந்தது. குடும்பத்தார் சந்தைக்குச் சென்றுவந்த சாதாரண மலிபு வண்டியொன்றினை வாங்கி, எஸ்.எஸ். என்னும் ஈரெழுத்துச் சின்னத்தைப் பொருத்தி, பெரிய எஞ்சினைப் பூட்டி, பன்மடங்கு விலைக்கு விற்றோர் பலர். பொன்டியாக்கிலோ நிலைமை மறுதலை. 1964, 1965 ஆகிய ஈராண்டுகளிலும் ஜீ.ரீ.ஓ. பொருத்தாயிருந்தமையால் இலக்கம் அதனைக் காட்டாது. 1966இல் தனிவகையானதும் 242 என இலக்கமே அறிவித்துவிடும்.

இலக்கம் பேசாதவிடத்துக் கடதாசிதான் பேசவேண்டும். அமெரிக்காவிலே 1958ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி புதுவண்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் அதன் விலையும் பொருத்துக்களும் அச்சிட்ட தாள் ஒட்டப்படல் வேண்டும். சட்டத்தைக் கொணர்ந்த செனற்றர் மொன்றோனியின் பெயராலேயே அத்தாள் வழங்குகிறது. முதல் உடைமையாளன் அதனைக் கிழித்தெறியாது வைத்திருந்தால் அவன் மக்கள் நற்பேறுடையர். அதனினும் அரியது தொழிற்சாலையின் உறுப்புப் பட்டியல். இந்த வண்டிக்கு இன்ன எஞ்சின், இன்ன கியர், இன்ன துணி எனத் தொழிலாளருக்கு வழிகாட்டிய தாள் அது. வேலை முடிந்ததும் ஆசனத்தின் கம்பிச் சுருளுக்குள்ளோ பெற்றோற் தாங்கியின் மேலோ செருகிவிடுவர். பல ஆண்டுகள் கழித்து, ஆசனத்தைப் பிரித்த ஒருவன் எலிகள் கடித்தது போக எஞ்சிய அத்தாளைக் காணும்போது அடையும் மகிழ்ச்சியை, வீட்டுப் பரணிலே ஏட்டுக்கட்டொன்றைக் கண்டெடுத்தோரே அறிவர். போர்ட் வண்டிகளின் திறத்தில் 1967ஆம் ஆண்டு முதலான உற்பத்திப் பதிவுகள் பேணப்பட்டுள்ளன. இலக்கத்தைக் கொடுத்தால், பிறந்த நாளும் பொருத்துக்களுங் கூறும் சான்றறிக்கை பெறலாம். புல்லிற் வண்டியை உறுதிசெய்தற்கும் இவ்வறிக்கை துணையாயிற்று. மக்குயீனின் கடிதம் ஒரு சாட்சி. உடம்பிலுள்ள துளைகள் ஒரு சாட்சி. பதிவேடு ஒரு சாட்சி. மூன்றும் ஒத்தன.

மைல் கணக்கைப்பற்றியும் ஒரு சொல். அக்காலத்து அமெரிக்க வண்டிகளின் மைல்மானியிலே ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999 கடந்ததும் மறுபடி பூச்சியத்தினின்று தொடங்கும். ஆகவே ‘12,000 மைலே ஓடியது’ என விற்போன் கூறும்போது, அது பன்னிரண்டாயிரமா, ஓரிலட்சத்துப் பன்னிரண்டாயிரமா என்பதனை மைல்மானி சொல்லாது. கால்மிதியின் இறப்பர் தேய்வும், சாரதிப்பக்கக் கதவின் கீல் தளர்வும், பழைய திருத்தச் சிட்டைகளுமே சொல்லும். மைல்மானியைப் பின்னோக்கித் திருப்புதலை 1972ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கிற்று. அதற்குமுன் திருப்பியவர்கள் எத்துணைப்பேரென்று கேட்பதிற் பயனில்லை.

விற்பனை விளம்பரங்களை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. ‘மிகமிக அழகிய’, ‘குற்றமேயில்லாத’, ‘பிரிய மனமின்றி விற்கப்படும்’ என்று அடைமொழிகள் அணிவகுக்கும். மாணவர் கட்டுரையிலே அடைமொழி மிகுந்தால் ஆங்கே பொருள் குறைவென்பதை ஆசிரியன் முதல் வரியிலேயே கண்டுகொள்வான். வண்டி வாங்குவோனுக்கும் அந்தப் பழக்கம் நல்லது. நேர்மையாக விற்பவன் கறள் இருக்கும் இடத்தைக் கிட்டப்பிடித்த படமாகவே காட்டுவான். எந்தத் தகடு மாற்றியது, எந்த ஆண்டில் மாற்றியது என எழுதுவான். எஞ்சினிற் பொறித்துள்ள இலக்கமும் வண்டியின் இலக்கமும் பொருந்துமா என்பதை வாங்குவோன் கேட்குமுன்னரே கூறுவான். காந்தத்துண்டொன்றைக் கையிற்கொண்டு வருவோனைக் கண்டு அவன் முகஞ் சுளிப்பதில்லை. தகட்டிலே காந்தம் ஒட்டும். தகட்டின் ஓட்டையை மறைத்துப் பூசிய பசையில் ஒட்டாது. அவ்வளவே சோதனை. ஐந்து சதம் பெறாத கருவி ஆயிரக்கணக்கான டொலரைக் காக்கும்.

ஓடாது நிற்பதனால் மட்டும் ஒரு வண்டி பேணப்பட்டதாகாது. இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர். நின்ற வண்டியிலே பெற்றோல் பிசினாக இறுகும். தடுப்புக் குழாய்களுட் கறள் படரும். ஆசனப் பஞ்சினுள் எலி குடியேறும். சில்லின் இறப்பர் வெடிக்கும். ஈயங் கலந்த பெற்றோலுக்கெனச் செய்த எஞ்சின்கள் இவை. 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்கத் தெரு வண்டிகளுக்கு அப்பெற்றோல் முற்றாகத் தடைசெய்யப்பட்டமையால், கடினமாக ஓட்டுவோர் எஞ்சினின் வாயிலுறுப்புக்களை மாற்றவேண்டியவராயினர். அவ்வாறு மாற்றினால் முன்னைய நிலை ஒருசிறிது போகும். மாற்றாதுவிடின் ஓடுவது குறையும். பேணுவோனுக்கு இத்தகைய தொல்லைகள் முடிவற்றன. கிசிமி ஏலத்தின் பெருவிலையைப் பத்திரிகையிற் படித்துவிட்டுத் தம் கொட்டகைப் பழைய வண்டியைத் தங்கச்சுரங்கமென எண்ணுவோர் இதனையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். நடிகன் ஓட்டாத வண்டிக்கு நடிகனின் விலை வராது.

மகன் விற்றது தகுமா என்ற வினாவுக்கு இனி வருவோம்.

தந்தை மக்குயீனுக்கு மறுத்தபோது அது வீட்டுக்கு வேண்டிய வண்டி. விடிந்தால் மனைவி அதில் ஏறிப் பாடசாலைக்குச் செல்வார். விலைமதிப்பும் மிகையன்று. பயன்படும் பொருளை, அதன்மேல் அன்பு வைத்தவன் விட மறுப்பது இயல்பு. கேட்பவன் எத்துணைப் பெரியவனாயினும் ஆகுக. மகனுடைய காலத்திலே அவ்வண்டியின் இயல்பே மாறிவிட்டது. டெற்றோய்ட்டில் வெளிப்பட்ட அன்றே அது இரகசியமென்னும் காவலை இழந்தது. பின்னர் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. தலைநகர் வொஷிங்டனில் கண்ணாடிக் கூடமொன்றினுள் மக்கள் பார்க்க வைக்கப்பட்டது. அதன்பின் அவ்வண்டியில் யார் ஏறிப் பாடசாலைக்குப் போவது? கடைத்தெருவில் நிறுத்திவிட்டு உப்பு வாங்க எவ்வாறு இறங்குவது? பல இலட்சம் டொலர் பெறுமென்று ஊரறிந்த பொருளை வைத்திருப்பவனுக்குப் பூட்டும், காவலும், காப்புறுதியுமே வாழ்க்கையாகிவிடும். அவன் உடைமையாளன் நிலையினின்று காவற்காரன் நிலைக்கு இறங்குகிறான்.

விற்காது பொருட்காட்சிச்சாலைக்குக் கொடுத்திருக்கலாமே என்பாரும் உளர். சொல்வோர் தம் வீட்டிலிருந்து 37 இலட்சம் டொலர் பெறுமதியான எதனைக் கொடுத்தனர் என யான் வினவமாட்டேன். அவ்வழியும் நன்றே. ஆயினும் பேணியது கடமையெனின், அக்கடமையை அக்குடும்பத்தார் நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகச் செய்துவிட்டனர். துளையொன்றையும் அடைக்காது செய்தனர். நகரமே தேடிய பொருளைப்பற்றி வாய்திறவாதிருந்தனர். இனிப் பிறரொருவர் தோள்மாற்றிக் கொள்ளட்டுமென்று எண்ணுவதிற் குற்றங்காண எனக்கு நாவெழவில்லை. வருத்தம் உண்டு. குற்றம் இல்லை.

மக்குயீனுக்கே கொடுத்திருந்தால் என்னாகியிருக்கும் என்ற எண்ணமும் எழாமலில்லை. மூன்றாண்டுக்குள் அவர் இறந்தார். அவருடைய உடைமைகள் 1984ஆம் ஆண்டில் லாஸ் வேகஸ் நகரில் ஏலமிடப்பட்டுச் சிதறின. அந்தக் கூட்டத்தோடு இதுவும் எவர் கைக்கோ போயிருக்கும். மல்லவண்டிக்கு மதிப்பற்றிருந்த அந்நாளில், வாங்கியவன் துளைகளை அடைத்து, புதுத்தீந்தை பூசி, குதிரைச் சின்னத்தையும் மீளப் பொருத்தியிருப்பான்.

கிசிமி மேடையில் ஏலம் நெடுநேரம் நீடிக்கவில்லை. கீழ்விலை எல்லை வைக்காது விடப்பட்டமையால், ஒருவரும் கேளாதிருந்தாற் சொற்ப விலைக்குப் போயிருக்கக் கூடிய துணிவான விற்பனை அது. சில ஆயிரத்தில் தொடங்கிய கூறுவிலை சில நிமிடங்களில் இலட்சங்களைத் தாண்டிற்று. பின்னர் இடைவெளி நீண்டது, முப்பத்துநான்கில் நின்றது, சுத்தியல் விழுந்தது. வாங்கியவரின் பெயரை ஏல நிலையத்தார் அறிவிக்கவில்லை.